வெடித்ததோடு முடிந்துவிடும் கதைகள்

'அணுகுண்டு சோதனை' என்று எழுதும்போது அந்தச் 'சோதனை' என்கிற சொல் நம்மளைக் கொஞ்சம் ஏமாத்துது. சோதனை என்றால் வெள்ளோட்டம். நிஜமான காரியம் பின்னாடி வரப்போகுது, இது சும்மா ஒத்திகை என்கிற தொனி அதுக்குள்ள இருக்கு. புது மோட்டாரைக் கிணத்துல இறக்கி ஓட்டிப் பாக்குறோமே, அந்த மாதிரி. ஆனால் அணுகுண்டில் ஒத்திகை என்று ஒன்று கிடையாது. வெடிச்சா வெடிச்சதுதான். போரில் வெடித்தவை ரெண்டே ரெண்டு: ஹிரோஷிமா, நாகசாகி. சோதனை என்ற பெயரில் வெடித்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். அமெரிக்கா மட்டும் 1,030. சோவியத் ஒன்றியம் 715. பிரான்ஸ் 210. பிரிட்டனும் சீனாவும் தலா 45.

தமிழில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. "ஏன்தான் எனக்கு இப்படி ஒரு சோதனையோ" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்களே, அது. குண்டு செய்தவர்கள் முதல் பொருளில் சொன்னார்கள். அந்த இடத்தில் குடியிருந்தவர்களுக்கு வாய்த்தது இரண்டாவது பொருள். இதுவரைக்கும் சொல்லப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை முதல் பொருளோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் இந்தக் குறிப்பின் வாதம். நாலு படங்களையும், நாம் மறந்துபோன ஒரு பயணத்தையும் வைத்து அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

ஓப்பன்ஹைமர்: யார் முகத்தைப் பார்த்தோம்?

கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' 2023 ஜூலையில் வந்தது. ஏழு ஆஸ்கர். அதுல டிரினிட்டி வெடிப்பு வரும் கட்டம், சினிமாவா பாத்தா, அசாத்தியமானது. 1945 ஜூலை 16, காலை ஐந்தரை மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால். நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முப்பது மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தின் உச்சியில் புளூட்டோனியக் குண்டு. முதலில் வெளிச்சம் மட்டும், சத்தமே இல்லை. மூச்சு விடுற சத்தம் கேக்குது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இடி வருது. அந்த நேரம் முழுக்க நாம் பார்ப்பது முகங்களை. கறுப்புக் கண்ணாடி போட்ட விஞ்ஞானிகளின், ராணுவ அதிகாரிகளின் முகங்களை.

என் குறை அங்கேதான் தொடங்குது. அன்று விடியலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்த முகங்கள் அவை மட்டுமல்ல. அந்தப் பாலைவனத்தைச் சுற்றி ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பண்ணையும் வைத்து வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. கூரையில் விழும் மழைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பதுதான் அங்கே பலருக்கு வழக்கம். வெடித்ததுக்கு அப்புறம் வானத்திலிருந்து இறங்கின சாம்பல் அந்தக் கூரைகள் மேலயும் விழுந்தது. முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை, யாரையும் வெளியேற்றவும் இல்லை. சத்தம் பரவலாகக் கேட்டதால் பதில் சொல்ல வேண்டி வந்தது. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று ராணுவம் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தது.

மூணு மணி நேரப் படத்தில் இவங்களுக்கு ஒரு நிமிஷம்கூட கிடையாது. படத்தின் கடைசி ஒரு மணி நேரம் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிபோன விசாரணைக்குத்தான் போகிறது. படைப்பாளி எதை எடுக்கணும்னு நாம சட்டம் போட முடியாது, சரி. ஆனால் ஒரு படம் 'இந்தக் குண்டின் குற்றவுணர்ச்சி' பற்றியது என்று தன்னை முன்வைக்கும்போது, குற்றம் யாருக்கு இழைக்கப்பட்டது என்பதைக் காட்டாமல் உணர்ச்சியை மட்டும் எப்படிக் காட்ட முடியும்? பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றவுணர்ச்சி, செய்தவரின் சோகமாகச் சுருங்கிவிடுகிறது. நாமளும் தியேட்டரை விட்டு வெளிய வரும்போது அந்த மனுஷனுக்காகத்தான் வருத்தப்பட்டோம். நம்ம ஊர்ப் பக்கம் படம் ஓடினப்போ பேச்செல்லாம் கீதை பற்றித்தான். மழைத் தண்ணித் தொட்டி பற்றி யாரும் பேசவில்லை, ஏன்னா படத்துல அது இல்லை.

இதன் நடைமுறை விளைவு என்ன தெரியுமா? கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் அமெரிக்காவில் 1990-ல் வந்தது. நெவாடா சோதனைத் திடலுக்குக் காற்று வீசும் திசையில் இருந்த சில மாவட்டங்கள் அதில் சேர்ந்தன. முதல் குண்டு வெடித்த நியூ மெக்ஸிகோவின் கிராமத்து மக்கள் சேரவில்லை. அவர்கள் பெயர் சட்டத்துக்குள் வந்தது 2025 ஜூலையில். குண்டு வெடித்து எண்பது வருஷம் கழிச்சு. கதையில் இல்லாதவர்கள் கணக்கிலும் இல்லாமல் போவார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

காட்ஸில்லா: சாம்பல் விழுந்த பக்கத்திலிருந்து

இப்போ இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போவோம். 1954 மார்ச் 1-ஆம் தேதி மார்ஷல் தீவுகளின் பிகினி பவளத்திட்டில் அமெரிக்கா 'காசில் பிராவோ' என்ற குண்டை வெடித்தது. ஆறு மெகாடன் அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது பதினைந்து மெகாடன். வினை புரியாது என்று நினைத்திருந்த லித்தியம்-7 என்கிற வகை, வினை புரிந்துவிட்டது. ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு. கிழக்குப் பக்கம் இருந்த ரோங்கலாப் தீவில் வெள்ளைச் சாம்பல் பனி போல் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அங்கிருந்து ஏற்றிப் போனார்கள். 1957-ல் 'இனி பயமில்லை' என்று திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தைராய்டு கட்டிகளும், குறைப் பிரசவங்களும் பார்த்துப் பார்த்து, 1985-ல் அந்த மக்கள் தாங்களாகவே தீவைக் காலி செய்தார்கள். ஏற்றிப்போக வந்தது கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பல். அதே வருஷம் ஜூலையில், பிரான்ஸின் அணு சோதனையை எதிர்த்து மொருரோவா பக்கம் போகத் தயாராகி நின்ற அந்தக் கப்பலை, நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள்.

பிராவோ சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மேலும் விழுந்தது. படகின் பெயர் 'ஐந்தாம் லக்கி டிராகன்'. அதில் 23 பேர். வானொலி இயக்குபவரான குபோயாமா ஐகிச்சி அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஸில்லா' வெளிவந்தது. படம் தொடங்குவதே கடலில் ஒரு கப்பல், திடீரென்று ஒரு வெளிச்சம், தீ என்றுதான். அன்றைய ஜப்பானில் அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

ரப்பர் உடை போட்ட ஆள் பொம்மை வீடுகளை மிதிக்கும் படம்தான், ஒத்துக்கிறேன். நோலனின் தொழில்நுட்பத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அது நேர்மையானது. கேமரா நிற்கும் இடம் சரியான இடம். மேலிருந்து போடுபவன் பக்கமில்லை, கீழே நிற்பவன் பக்கம். ஆஸ்பத்திரிக் கூடத்தில் குழந்தைக்குப் பக்கத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்கும் காட்சி ஒன்று வரும். பூதத்தைவிட எனக்குப் பயம் தந்தது அந்தக் காட்சிதான்.

பரமாணு: எத்தனை கிலோ டன்?

நம்ம பக்கம் வருவோம். 1974 மே 18 காலை 8.05-க்கு ராஜஸ்தானின் போக்ரானில் நிலத்துக்கடியில் முதல் வெடிப்பு. 'அமைதிக்கான அணு வெடிப்பு' என்று பெயர் சூட்டினோம். புளூட்டோனியம் வந்தது கனடா கொடுத்த சைரஸ் உலையிலிருந்து. பிறகு 1998 மே 11, புத்த பூர்ணிமை அன்று மூன்றும், 13-ஆம் தேதி இரண்டும். அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் ராணுவ உடையில் பிருத்விராஜ், நட்ராஜ் என்கிற பெயர்களில் அங்கே போய்வந்த கதை நம்ம ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் நமக்கு ஒரு பெருமை. ராமேஸ்வரத்துப் பையன், சென்னையில் பிறந்த இயற்பியலாளர். அந்தப் பெருமையைக் கிண்டல் பண்ணுவது என் நோக்கமில்லை. வெளிநாட்டுக்காரன் தர மறுத்த தொழில்நுட்பத்தை இங்கேயே படித்த ஆட்கள் செய்து காட்டினார்கள் என்பதில் உண்மையான சாதனை இருக்கு.

2018-ல் வந்த 'பரமாணு' இந்தி படம் அந்தப் பெருமையின் மேல்தான் ஓடுது. ஜான் ஆபிரகாம் நடித்த நாயகன் ஒரு கற்பனையான ஐ.ஏ.எஸ். அதிகாரி. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எப்போ தலைக்கு மேல வருது, எப்போ போகுது என்பதுதான் படத்தின் மொத்த விறுவிறுப்பும். செயற்கைக்கோள் வரும்போது எல்லாத்தையும் மூடி வை, போனதும் தோண்டு. திருடன் போலீஸ் விளையாட்டு மாதிரி நல்லாவே இருக்கும். கடைசியில் நிலம் எழும்பி அடங்குகிறது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கதை முடிந்தது.

கதை அங்கே முடியலாமா? சோதனைத் திடலுக்குப் பக்கத்தில் கேதோலாய் என்றொரு கிராமம் இருக்கிறது. 1998-க்குப் பிறகு வந்துபோன பத்திரிகையாளர்களிடம் அந்த ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை: வீட்டுச் சுவர்களில் விரிசல், தண்ணித் தொட்டிகளில் விரிசல், மாடுகளுக்கு வரும் நோய், ஊரில் புற்றுநோய். கதிர்வீச்சு எதுவும் வெளியே கசியவில்லை என்பது அரசின் நிலைப்பாடு. ரெண்டுல எது சரி?

இங்கே நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குப் பழக்கமான ஒரு விஷயத்தைச் சொல்றேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல் குவாரியும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் இல்லாத திசை குறைவு. எறையூரில் உக்காந்து எழுதுறவனுக்கு வெடி என்பது தீபாவளிச் சமாச்சாரம் மட்டுமில்லை. குவாரிப் பக்கத்து வீட்டில் சுவர் விரிஞ்சதுன்னு ஒருத்தர் மனு கொடுத்தா முதல்ல வர்ற கேள்வி என்ன? "வெடியாலதான் விரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க? அஸ்திவாரம் சரியில்லாம இருந்திருக்கலாமே?" அந்தக் கேள்வியில் தர்க்கப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் வெடி வைப்பதற்கு முன்னால் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று யாரும் பார்த்து எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டியவன் வெடி வைக்கிறவன். எழுதாதது அவன் குற்றம். நிரூபிக்க வேண்டியதோ வீட்டுக்காரன் பொறுப்பு. அளக்காமல் விட்டதாலேயே 'ஆதாரம் இல்லை' என்று ஆகிவிடுகிறது. 'ஆதாரம் இல்லை' என்பது கொஞ்ச நாளில் 'பாதிப்பு இல்லை' என்று ஆகிவிடுகிறது.

கேதோலாய் விஷயமும் இதே கணக்குத்தான். புற்றுநோய் குண்டால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தடி வெடிப்பு சரியாக மூடிக்கொண்டால் கசிவு மிகக் குறைவு என்பதும் அறிவியல்தான். ஆனால் 'இல்லை' என்று சொல்வதற்கும் அளவீடு வேண்டும். ஊர் ஊராக, வீடு வீடாக, பல வருஷம் எடுத்த அளவீடு. அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். அதைக் கேட்பது தேசவிரோதம் ஆகாது.

இதில் இன்னொரு வேடிக்கை. போக்ரான் பற்றி நம் நாட்டில் பெரிய விவாதமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தது. 1998-ல் வெடித்த ஹைட்ரஜன் குண்டு 45 கிலோ டன் என்று அறிவித்தார்கள். அந்த அளவுக்கு அது வேலை செய்யவில்லை என்று, அந்தச் சோதனையிலேயே பொறுப்பில் இருந்த கே. சந்தானம் 2009-ல் வெளிப்படையாகச் சொன்னார். பி.கே. அய்யங்காரும் அதற்கு முன்பிருந்தே சந்தேகம் எழுப்பியவர். கலாமும் சிதம்பரமும் மறுத்தார்கள். பத்திரிகைகளில் வாரக்கணக்கில் ஓடியது. எல்லோரும் பெரிய விஞ்ஞானிகள், நேர்மையாகச் சண்டை போட்டார்கள். ஆனால் சண்டை எதைப் பற்றி? குண்டு எவ்வளவு பெருசு என்பதைப் பற்றி. அதிர்ச்சி அலையை உலகம் பூராவும் உள்ள நிலநடுக்கக் கருவிகள் பதிவு செய்திருந்தன, அதை வைத்து வாதாட முடிந்தது. சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரின் உடம்பைப் பற்றி வாதாட, கையில் எண்ணே கிடையாது.

போரும் அமைதியும்: சாட்சிகளும் தீர்ப்பும்

அந்த ஊர்ப்பக்கம் கேமராவைத் திருப்பியவர் ஆனந்த் பட்வர்தன். 2002-ல் அவர் எடுத்த 'போரும் அமைதியும்' ஆவணப்படம் காந்தி கொலையில் தொடங்கி, போக்ரான் கொண்டாட்டம், சோதனைத் திடலைச் சுற்றியுள்ள கிராமங்கள், ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம், பாகிஸ்தான், ஜப்பான் என்று போகிறது. தணிக்கைக் குழு பல வெட்டுகளைக் கேட்டது. அவர் நீதிமன்றம் போனார். வெட்டே இல்லாமல் திரையிடலாம் என்று 2003-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது.

இந்தப் படத்தின் பெரிய பலம், குண்டை ஒரே ஒரு நாளின் சம்பவமாகப் பார்க்காததுதான். யுரேனியத்தைத் தோண்டி எடுக்கும் இடத்தில் ஒரு கதை, வெடிக்கும் இடத்தில் ஒரு கதை, எல்லைக்கு அந்தப் பக்கம் அதே பெருமையின் இன்னொரு பதிப்பு. நம்மள மாதிரியேதான் அவங்களும். 1998 மே 28-ல் சாகாய் மலையில் அவர்கள் வெடித்தபோது அங்கேயும் இனிப்புதான் வழங்கினார்கள்.

குறையும் உண்டு. பட்வர்தன் முடிவோடு தான் பயணம் தொடங்குகிறார். கிராமத்துக்காரர்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், ஏற்கெனவே எழுதின தீர்ப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய பதினைந்து வருஷம், இருபது வருஷம் நமக்குத் தெரிவதில்லை. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் படம் சரியாகச் சந்திக்கவில்லை. 1962-ல் சீனாவோடு போர். 1964 அக்டோபரில் சீனா லோப் நோரில் முதல் குண்டை வெடிக்கிறது. அந்தச் சூழலில் தில்லியில் உக்காந்திருந்தவர்களுக்கு வந்த பயம் பொய்யில்லை. அதைக் கொண்டாட்டக் கூட்டத்தின் கோஷமாக மட்டும் காட்டினால் வாதம் லேசாகிவிடும். குண்டு வேண்டும் என்று நினைக்கும் ஒருவர்கூட "சரி, ஆனா கேதோலாய்க்கு நாம கடன்பட்டிருக்கோம்" என்று சொல்லும்படி ஒரு படம் எடுக்க முடியும். அந்தப் படம் இன்னும் வரவில்லை.

யாருமில்லாத நிலமா?

சோதனை நடந்த இடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். நெவாடா, மேற்கு ஷோஷோன் பழங்குடிகளின் நிலம். செமிபலாடின்ஸ்க், கசாக் மக்களின் புல்வெளி, நாற்பது வருஷத்தில் 456 வெடிப்பு. மரலிங்கா, ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலம், வெடித்தது பிரிட்டன். அல்ஜீரியாவின் சகாரா, பிறகு பாலினேசியத் தீவுகள், வெடித்தது பிரான்ஸ். லோப் நோர், உய்குர் மக்களின் பக்கம். எல்லா இடத்துக்கும் வெடித்தவர்கள் வைத்த பெயர் ஒன்றுதான்: ஆளில்லாத வெற்று நிலம்.

நம்ம மொழியில் இதுக்கு 'புறம்போக்கு' என்று ஒரு வருவாய்த்துறைச் சொல் இருக்கு. தீர்வைக் கணக்குக்கு வெளியே போன நிலம். அந்தச் சொல் எப்படி மனுஷனைத் திட்டும் வசவாக மாறிச்சு என்று யோசித்தால், நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அதில் இருக்கும் ஆளையும் சேர்க்காமல் விடுவதுதான் என்பது புரியும். ஆனால் அதே மொழியின் பழைய இலக்கணம் வேறு மாதிரி பார்த்தது. பாலைக்கும் மக்கள் உண்டு, தெய்வம் உண்டு, பறை உண்டு. சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டு அப்படி ஆகின்றன என்கிறது. பிகினிக்கு இது அப்படியே பொருந்தும். 1946-ல் அங்கிருந்த 167 பேரை, மனிதகுலத்தின் நன்மைக்காகக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டு வெளியேற்றினார்கள். எழுபதுகளில் சிலர் திரும்பினார்கள். தென்னை மரம் நல்லா காய்த்திருந்தது. தேங்காயில் சீசியம்-137 இருந்தது. 1978-ல் மறுபடியும் வெளியேற்றம். அந்தத் தீவு பாலையாகப் பிறக்கவில்லை.

பல்லும் ஒரு கிழவரும்

அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நம்ம ஊரில் பிள்ளைக்குப் பால் பல் விழுந்தா சாணியில் வைத்துக் கூரை மேல வீசுவோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத் தாய்மார்கள் 1958-லிருந்து அதை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். வானத்தில் வெடித்த குண்டுகளின் ஸ்ட்ரான்ஷியம்-90 புல்லில் விழுந்து, மாட்டுப்பாலில் கலந்து, கால்சியம் மாதிரியே நடித்து எலும்பிலும் பல்லிலும் போய் உட்காரும். சேர்ந்த பற்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 1963-ல் பிறந்த குழந்தைகளின் பல்லில் அது 1950-ல் பிறந்தவர்களைப் போல் சுமார் 50 மடங்கு இருந்தது. முதல் முடிவுகள் 1961-லேயே வெளிவந்தன. 'பாதிப்பு இல்லை' என்ற வாதம் அங்கே ஆட்டம் கண்டது. 1963-ல் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் வந்ததற்கு அந்தப் பற்களும் ஒரு காரணம்.

அந்த ஒப்பந்தத்துக்கு முந்தின வருஷம், 1962 செப்டம்பரில், வெள்ளை மாளிகையில் கென்னடியை ஒரு தமிழர் சந்தித்தார். வயது 83. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் போன ராஜாஜி. அப்போது அவர் சுதந்திராக் கட்சித் தலைவர், நேருவோடு பொருளாதாரத்தில் ஒத்துப்போகாதவர். ஆனால் இந்த ஒன்றில் இருவரும் ஒரே பக்கம். பிராவோ வெடித்த அடுத்த மாதமே, 1954 ஏப்ரலில், சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று உலகத்திடம் கேட்ட பிரதமர் நேரு. ராஜாஜி கென்னடியிடம் போய்க் கேட்டதும் அதையேதான். அடுத்த மாதம் கியூபா நெருக்கடி. ஒப்பந்தம் ராஜாஜியால் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் இரண்டு பாரத ரத்னாத் தமிழர்களில் குண்டு வெடிக்கப் போனவரின் ராணுவ உடையை நமக்குத் தெரியும். வெடிக்காதீர்கள் என்று கேட்கப் போனவரின் பயணம் தெரியாது. ராஜாஜியோடு சண்டை போட நமக்குக் குலக்கல்வி உட்பட ஆயிரம் நியாயமான காரணம் உண்டு. இதை மறக்க ஒரு காரணமும் இல்லை. போக்ரான் முதல் வெடிப்புக்கு ஒன்றரை வருஷம் முன்னால் அவர் காலமாகிவிட்டார்.

1963 ஒப்பந்தத்தையும் ரொம்பப் புகழ வேண்டியதில்லை. அது சோதனையை நிறுத்தவில்லை, நிலத்துக்கடியில் தள்ளியது. மேலே சாம்பல் நின்றதும், பணக்கார நாட்டுத் தாய்மார்களின் பாலில் ஸ்ட்ரான்ஷியம் குறைந்ததும், உலகத்தின் கவனமும் போய்விட்டது. அதற்குப் பிறகு வெடித்தவைதான் எண்ணிக்கையில் அதிகம்.

பாறையில் ஒரு கோடு

எங்க மாவட்டத்தின் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. வயது 12 கோடி ஆண்டு என்கிறார்கள். காரை, அரியலூர்ப் பக்கம் மண்ணைக் கிளறினால் கடல் நத்தைகளின் புதைபடிவம் வரும். இங்கே வளர்பவர்களுக்கு 'பாறையில் காலம் எழுதியிருக்கும்' என்பது கண்ணால் பார்த்த விஷயம். மனிதனின் காலத்துக்கும் பாறையில் ஒரு கோடு போட வேண்டும் என்று கிளம்பிய நிலவியலாளர்கள், 2023-ல் கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றைத் தேர்ந்தார்கள். அதில் 1950-களின் தொடக்கத்தில் தெரியும் புளூட்டோனியம்தான் அடையாளம். 2024-ல் அந்த முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. கோடு அதிகாரபூர்வமாக இல்லாவிட்டாலும் புளூட்டோனியம் சேற்றில் இருக்கத்தான் இருக்கிறது. பாதி குறையவே 24,000 வருஷம். காற்றில் கார்பன்-14 அறுபதுகளின் நடுவில் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்போது எறையூரில் நின்ற புளியமரமும், அப்போது பிறந்த நம் அப்பா அம்மாவும் அதை வாங்கியவர்கள்தான்.

இது கவர்ச்சியான சிந்தனை. அதனாலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியது. 'மனிதன் பூமியில் விட்ட தடம்' என்று சொல்லும்போது வெடித்தவனும் சாம்பல் விழுந்தவனும் ஒரே 'மனிதன்' ஆகிவிடுகிறார்கள். 12 கோடி வருஷத்துக்கு முன்னால் எல்லாமே தூசு என்று ஒரு பொய்யான நிம்மதியும் வருது. ரோங்கலாப்பில் சாம்பலில் விளையாடிய குழந்தைக்கு ஒரு ஆயுசுதான் இருந்தது. நோலன் ரொம்பக் கிட்டப் போய் ஒரே முகத்தைப் பார்த்தார். நிலவியல் ரொம்பத் தூரம் போய் முகமே இல்லாமல் பார்க்கிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கு. ஒரு ஊர் தெரியும் தூரம்.

இதெல்லாம் பழைய கதை என்றும் தள்ள முடியாது. அணு சோதனையை முழுவதும் தடை செய்யும் 1996 ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, இந்தியா கையெழுத்திடவில்லை. ரஷ்யா 2023-ல் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. 2025 அக்டோபர் இறுதியில், மறுபடி சோதனை தொடங்கச் சொல்லியிருப்பதாக டிரம்ப் அறிவித்தார். அடுத்த வெடிப்புக்கான கதை எங்கேயோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். அதில் பொத்தானை அழுத்தும் கை கட்டாயம் இருக்கும்.

நான் பார்க்க விரும்பும் படம் பொத்தான் அழுத்தியதற்கு மறுநாள் தொடங்கும். 1998 மே 12, கேதோலாயில் ஒரு வீடு. சுவரில் விரிசல். ஒருத்தர் அதன் நீளத்தை ஜாண் போட்டு அளந்து, தேதி போட்டு எழுதி வைக்கிறார். அடுத்த வருஷம் மறுபடி அளக்கிறார். அதற்கு அடுத்த வருஷமும். விறுவிறுப்பு இருக்காது. ஆனால் 'எப்படிச் சொல்றீங்க' என்று கேட்பவரிடம் நீட்ட, கையில் ஒரு நோட்டு இருக்கும்.